ஆதாரம் தர வேண்டியவர் யார்?



சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் முடியும் வேளையில் தேநீர்க் கடைகளின் முன் சற்று நின்று பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் இளைஞர்கள் ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பற்ற வைக்கின்றனர். அக்கடைகளுள் சில நம் சமுதாயத்தவருடையவை. எடுத்துச் சொன்னால், "இது ஹராம் என்பதற்கு நேரடி ஆதாரம் எங்கே?" என்று கேட்கின்றனர்.

ஏறத்தாழ இதே கேள்வியை ஒரு பன்னாட்டு நிறுவனம் ஒரு நாட்டிடமே கேட்டது. சிகரெட் பெட்டியின் 80 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும், ஒரு பெயரில் ஒரே வகை மட்டுமே விற்க வேண்டும் என உருகுவே விதித்தது. சுவிட்சர்லாந்துடன் அந்நாடு செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, 2010இல் பிலிப் மோரிஸ் நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. இவ்விதிகளால் புகைப்பழக்கம் குறையும் என்பதற்குச் சான்றில்லை, உருகுவே தனியே ஆய்வும் செய்யவில்லை என்பது அதன் வாதம்.

2016 ஜூலை 8 அன்று நடுவர் மன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. புகையிலையின் தீங்கு உலகறிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் அதன் பின்னுள்ள ஆய்வுகளும் போதும். சிறிய நாடு ஒவ்வொன்றும் தன் மண்ணில் மீண்டும் ஆய்வு நடத்த வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். ஒரு பெயருக்கு ஒரே வகை என்ற விதியில் நடுவர் மூவருள் ஒருவர் மாறுபட்டார். உருகுவேயின் வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலர் செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது.

இத்தகைய வழக்குகள் எங்கோ தொலைவில் நடப்பவை அல்ல. நமக்கு அண்மையிலுள்ள ஒரகடத்தில் ஆலை அமைத்த நிசான் நிறுவனம், தமிழக அரசு தர வேண்டிய ஊக்கத்தொகைக்காக, ஜப்பானுடனான ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா மீது வழக்குத் தொடுத்து, பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. அது பணம் பற்றிய வழக்கு. மக்களின் உடல்நலத்தைக் காக்கும் சட்டத்துக்கும் இதே வழி திறந்திருக்கிறது என்பதே நம் கவலை.

வாதிடுபவரே ஆதாரம் தர வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த நீதி முறை. தமக்கோ பிறருக்கோ தீங்கிழைப்பதையும் அவர்கள் தடுத்தார்கள் (இப்னு மாஜா). மதுவிலும் சூதிலும் சில பயன்கள் இருப்பினும் கேடே பெரிது என்று திருமறை (2:219) எடை போடும் முறையையும் எண்ணிப் பார்ப்போம். புகையிலை பிற்காலத்தில் வந்த பொருள் என்பதால் முற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அன்று அதன் தீங்கு தெளிவாகவில்லை, இன்று தெளிவாகிவிட்டது. தீங்கு நிறுவப்பட்டபின், விற்பது குற்றமில்லை என்பவரே தம் ஆதாரத்தைக் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் உண்டு. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தபோது, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. இத்தனை போராடிக் காத்த படத்தை, ஒற்றைச் சிகரெட் வாங்கும் இளைஞர் பார்ப்பதே இல்லை. பெட்டி கடைக்காரரின் கையிலேயே இருந்துவிடுகிறது. ஆகவே அந்த எச்சரிக்கையின் அமானிதமும் அவர் கையிலேயே இருக்கிறது.

கடைக்காரரின் குடும்பமும் உண்ண வேண்டும் என்பதை நாம் மறக்கவில்லை. ஆதலால் அவரைக் கண்டிப்பதோடு ஜமாஅத்தின் கடமை முடிந்துவிடாது. சிகரெட்டை நிறுத்த முன்வருபவருக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்து, வேறு பொருள் விற்கத் துணை நிற்போம். ஹலாலான வருவாயில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.