என் தைலத்துக்கும் பரீட்சை வையுங்கள்!

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்து, களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்த சமயம். அறுபது வயதுக்காரர் ஒருவரை இரண்டு மகன்கள் தோளில் தாங்கி என்னிடம் அழைத்து வந்தார்கள். பக்கவாதம் வந்து பத்து நாள். கீழே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, வைத்தியம் பார்த்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இடது கை துவண்டு தொங்கியது. காலை இழுத்து இழுத்துத்தான் வைத்தார்.

தைலம் கொடுத்தேன். தொக்கணம் செய்தேன். (உடம்பைத் தட்டி, இறுக்கி, பிடித்து, அழுத்திச் செய்கிற எங்கள் சித்த வைத்திய முறை.) வர்மப் புள்ளிகளைத் தூண்டினேன். மூன்றே மாதத்தில் மனிதர் கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன்! "ஐயா கையில சாமி இருக்குதுங்க" என்றான் மூத்த மகன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டினாலும் புகழ்ச்சி மட்டும் கசப்பதில்லை, பாருங்கள்.

அதே வருஷம் வேறு வேலையாக, ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஓர் ஊருக்குப் போனேன். ஒரு பெரியவர் மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் தெரிந்தது... அவருக்கும் பக்கவாதம் வந்திருக்கிறது. அதே இடது பக்கம். ஏறக்குறைய அதே மாதம்.

"எங்கே வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எங்கங்க போறது? ரோடே இல்ல. கொஞ்ச நாள் படுத்துக் கெடந்தேன். அப்புறம் ஆட்டைப் பத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். கை தானா வந்துடுச்சுங்க."

அப்படியானால் முதல் ஆளை நடக்க வைத்தது யார்? நானா? என் தைலமா? அல்லது அவர் உடம்பேதானா? மலையில் இறங்கி வருகிற வழியெல்லாம் இதே கேள்வி. வீட்டிலிருந்த தேன் பாட்டிலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பக்கவாதத்தில் இப்படி நடப்பது அதிசயமல்ல. மூளைக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொண்டாலோ, வெடித்துக் கசிந்தாலோ, ஒரு பகுதி செத்துப்போகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதி பாதி மயக்கத்தில்தான் இருக்கும். வீக்கம் வடிய வடிய அது விழித்துக்கொள்ளும். செத்த பகுதியின் வேலையில் கொஞ்சத்தை மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் இந்த வேகம் அதிகம். அந்த மூன்று மாதத்துக்குள் யார் பக்கத்தில் நிற்கிறாரோ, அவருக்குப் பெயர் கிடைத்துவிடும்! நாட்டு வைத்தியர் நின்றால் அவருக்கு. மந்திரிக்கிறவர் நின்றால் அவருக்கு. நரம்பு டாக்டர் நின்றால் அவருக்கும்தான்.

அதனால்தான் சொல்கிறேன்: பக்கவாதத்தில் வைத்தியனின் அனுபவம் ரொம்ப ஏமாற்றும். முப்பது வருஷ அனுபவமானால் முப்பது வருஷம் ஏமாற்றும். இதற்கு ஒரே மாற்று, ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு புதிய சிகிச்சை. யார் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் கடைசியில் வந்து, நடக்கிறாரா, தானே சாப்பிடுகிறாரா என்று மார்க் போடுவார். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பரீட்சையில் பெரிய பெரிய நம்பிக்கைகளெல்லாம் என்ன ஆயின தெரியுமா?

பக்கவாத நோயாளியை எவ்வளவு சீக்கிரம் படுக்கையிலிருந்து எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி ஐந்து நாடுகளில், 2104 பேரிடம் சோதித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிகமாகப் பயிற்சி கொடுத்த குழுவில் 46 சதவிகிதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வழக்கம்போல் கவனித்த குழுவில் 50 சதவிகிதம்! 2015ல் இந்த முடிவு வெளிவந்தது. அவசரப்பட்டது உதவவில்லை, சற்றுக் கெடுதலாகவே முடிந்தது. முதல் நாளே நோயாளியைக் கட்டிலிலிருந்து இழுத்து நிறுத்துகிற மாமாக்களும் சித்தப்பாக்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளூவாக்செட்டின் மாத்திரை கைகால் அசைவைத் திருப்பிக் கொடுக்கும் என்று 2011ல் பிரான்சிலிருந்து ஒரு சின்ன ஆய்வு சொன்னது. 118 பேர்தான். எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு பிரிட்டனில் 3127 பேரிடம் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது. அசைவில் பலன் இல்லை. எலும்பு முறிவுதான் கூடுதல். ஆங்கில மருத்துவம் தன் மாத்திரையைத் தானே பரீட்சைக்கு அனுப்பி, ஃபெயில் என்று தானே பேப்பரில் போட்டது. எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

'அதெல்லாம் இங்கிலீஷ் மருந்து. மூலிகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது' என்று என் சகாக்கள் சிலர் சொல்லக்கூடும். சீனர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய பாரம்பரிய மருந்து ஒன்றைச் சிங்கப்பூர் டாக்டர்கள் தலைமையில் 1099 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. மூன்று மாத முடிவில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் இல்லை என்று 2013ல் வெளியிட்டார்கள். தலை குனிந்தா போய்விட்டார்கள்?

நாம் என்ன செய்திருக்கிறோம்? யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாகப் பிரித்துச் சொன்னார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். 1964லிருந்து பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005லிருந்து தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எந்த ஆய்வையும் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துகொள்ள 2007லிருந்து மத்திய அரசின் பதிவேடும் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிற மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்கிறேன்... இருபது பேர், நாற்பது பேர், எல்லோருக்கும் ஒரே தைலம், எல்லோருக்கும் முன்னேற்றம்! ஒப்பிட ஆளே இல்லை. வரப்பு வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் அந்த ஆய்வேட்டில் எங்கே இருக்கிறார்?

தொக்கணம் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இறுகிப்போன தோளை அது இளக்குவதை, வலி குறைந்து நோயாளி தூங்குவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் இப்போதுதானே சொன்னேன், என் கண்ணை நம்பாதீர்கள் என்று! ஆயிரம் பேர், இரண்டு குழு, ஆறு மாதம். அதில் ஜெயித்தால் என் தைலத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுங்கள். தோற்றால் தூக்கி எறியுங்கள். அதுவரை 'பக்கவாதம் நிச்சயம் குணமாகும்' என்று போர்டு வைக்கிறவர் என் கல்லூரியிலேயே படித்தவராக இருந்தாலும், அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று நாடி பிடித்து என்னால் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும். அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்த மலையிலிருந்து போளூருக்கு இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் என்னிடம் வராதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பெரியவர் தானாகத் தேறியது அவர் அதிர்ஷ்டம். அவரைப் பார்த்து நீங்களும் படுத்துக் கிடக்காதீர்கள். கீழே கொடுத்த பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். என் கஷாயம் அதற்கு மாற்று இல்லை.

சரி, உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு?

இதில்தான் நம் நாட்டு ஆய்வு ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர்கள், அதாவது பிசியோதெரபிஸ்டுகள், நம் ஊரில் போதாது. அதனால் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். 2014 ஜனவரியிலிருந்து 2016 பிப்ரவரி வரை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேரின் வீட்டாருக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுத்து, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் முடியாதவர்களும் பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவிகிதம். மற்ற குழுவிலும் 47 சதவிகிதம். 2017ல் லான்செட் இதழில் வந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் மனைவிமாரிடமும் மருமகள்களிடமும் 'நீங்க மனசு வெச்சா எழுந்துடுவாரும்மா' என்று வருஷக்கணக்காகச் சொல்லி அனுப்பியவன்தான். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

இதோடு 2011ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 408 பேர். உடம்பைத் தொங்கவிட்டு நடக்க வைக்கிற விலை உயர்ந்த இயந்திரத்தில் சிலருக்குப் பயிற்சி. சிலருக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்த சாதாரண உடற்பயிற்சி. ஒரு வருஷ முடிவில் நடையில் இரண்டும் சமம். அதாவது இயந்திரம் இல்லாதது குறையல்ல. வீட்டில் செய்வதும் குறையல்ல. இரண்டும் வேறு வேறு ஆய்வு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: பயிற்சி பெற்ற ஒரு ஆள் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும். அந்த வேலையை மனைவி தலையில் கட்டிவிட்டு நாம் நழுவக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி செய்வதையும் சேர்த்தார்கள். நல்ல யோசனை. மலைக்கு மட்டும் அது மாதத்தில் ஒரு நாள் என்று சுருங்கிவிடக் கூடாது. மூளை திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் கற்றுக்கொள்ளும். 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 222 பேர். பாதிப் பேரின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, கெட்ட கையால் இரண்டு வாரம் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்ய வைத்தார்கள். கை நன்றாகவே தேறியது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது ஆகும். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா? நம் மலையில் மொச்சை உரிப்பதும், முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்குவதும் அருமையான பயிற்சிகள்தான். செலவே இல்லை. எதை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் வித்தை.

போன மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். கால் வந்துவிட்டது, கை வரவில்லை.

"தெனமும் ரெண்டு வேளை உருவி விட்டேங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். எங்கயோ தப்பா செஞ்சிட்டேன் போலிருக்கு, இல்லீங்களா?"

அந்த 1250 பேரின் கதையை எனக்குத் தெரிந்த எளிய பேச்சில் அவருக்குச் சொன்னேன். சொல்லிக்கொடுத்த வீட்டிலும், சொல்லிக்கொடுக்காத வீட்டிலும் கணக்கு ஒன்றாகவே வந்ததைச் சொன்னேன்.

"அப்ப அவங்க வீட்டுலயும் வரலீங்களா?"

"பாதிக்குப் பாதி வரலம்மா. உங்க தப்பு இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த எக்சசைஸ் சொல்லிக்குடுக்குற பொண்ணு ஒருக்கா வந்துச்சே, அது மறுபடி எப்பங்க மேல வரும்?" என்று கேட்டார்.