பூனைக்கு நகம் எதற்கு என்று கேட்போருக்கு

ஒரு சொல்லை மென்மையாக்கிவிட்டால் அந்தச் செயலும் மென்மையாகிவிடும் என்பது வலியோர்க்கு எப்போதும் தெரிந்த வித்தை. செய்தித்தாள்களில் தலைப்பெழுதிப் பிழைத்தவன் என்ற வகையில் அவ்வித்தையின் பல வகைகளை நானறிவேன். துரத்தப்பட்ட மக்கள் "இடம்பெயர்ந்தனர்" என்று அறிக்கைகள் வந்தன. பிடித்துச் செல்லப்பட்டவர் "விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டார்" என்று வந்தன. அந்த வரிசையில் இப்போது வீட்டுப் பூனைக்கும் ஒரு சொல் வந்து சேர்ந்திருக்கிறது: "நகம் எடுத்தல்".

கேட்பதற்கு என்ன சுகமாக இருக்கிறது! ஏதோ சலூனில் அமர்ந்து மயிர் வெட்டிக்கொள்வது போல. ஆனால் அதன் பெயர் நகம் எடுத்தல் அல்ல, வாசகர்களே. அது விரல் வெட்டுதல். இக்கட்டுரை முழுவதிலும் நான் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

நம்முடைய நகம் தோலிலிருந்து வளர்வது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்வது. முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக மொத்தம் 18. நகம் மீண்டும் முளைக்கக் கூடாது என்றால் அந்தக் கடைசி எலும்பையே மூட்டோடு அகற்றியாக வேண்டும். கத்தியால் வெட்டினாலும் சரி, லேசர் கதிரால் வெட்டினாலும் சரி, வெட்டப்படுவது எலும்பும் தசைநாரும் நரம்பும்தான். முன்கால்களுக்கு மட்டும் செய்தாலும் பத்துத் துண்டிப்புகள். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் நகம் இருக்கும் அந்தக் கடைசிக் கணுவை மனத்தால் வெட்டிவிட்டுப் பாருங்கள். அதுதான் இது.

மேலும், பூனை உள்ளங்காலை ஊன்றி நடக்கும் பிராணியன்று. விரல்களை ஊன்றி நடப்பது. ஊன்றும் இடத்தையே வெட்டிவிட்டால் உடலின் பாரம் வேறிடத்தில் விழுகிறது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்றில், விரல் வெட்டப்பட்ட 137 பூனைகளையும் வெட்டப்படாத 137 பூனைகளையும் ஒப்பிட்டார்கள். முதுகுவலி, மணல் தட்டுக்கு வெளியே மலசலம் கழித்தல், கடித்தல், சீறிப் பாய்தல் ஆகியன வெட்டப்பட்டவற்றிலேயே அதிகம் காணப்பட்டன. அவற்றில் 63 சதவீதத்தின் கால்களில் அகற்றப்படாமல் எஞ்சிய எலும்புத் துண்டுகளை எக்ஸ்ரே காட்டியது. கீறுவதை நிறுத்தப் போய்க் கடிப்பதை வளர்த்துக்கொள்வதுதான் மிச்சம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நம் முன்னோர் வீணாகச் சொல்லவில்லை.

* * *

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். கல்லடி மீன்காரரின் தட்டைச் சுற்றி வரும் பூனைகளுக்கு யார் விரல் வெட்டப் போகிறார்கள்? நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், கனடாவிலிருந்து ஊர் திரும்பி வாவிக்கரையில் வீடு கட்டியிருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைக்கும் வரையில்.

"மச்சான், உனக்குத்தானே ஊரெல்லாம் ஆக்களைத் தெரியும். பூனைக்கு நகம் எடுக்கிற டொக்டர் ஆரும் இஞ்ச இருக்காங்களா?"

கொழும்பிலிருந்து வாங்கி வந்த பாரசீகப் பூனை. புதிதாக இறக்கிய தோல் இருக்கைகள். ஒரு மாதத்தில் இரண்டுக்கும் பகை. அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். பூனைக்கு வேளை தவறாமல் மீன் அவித்துப் போடுகிறவர். "அங்க எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். அந்த ஒற்றை வாக்கியந்தான் என்னை எழுத வைத்தது. நான் விசாரித்த மிருக வைத்தியர், "நோயில்லாத விரலை வெட்ட நான் படிக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் வாழ்க.

"அங்கே எல்லாரும்" என்பது எந்த "அங்கே"? நம்மவர் பெருந்தொகையாக வாழும் பிரித்தானியாவில் இல்லை; 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இத்தகைய அங்கச் சிதைப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் இல்லை. செல்லப் பிராணிகள் பற்றிய 1987 ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை இதைப் பெயர் சொல்லியே விலக்கியது. இஸ்ரேல் 2011 இல் தடை செய்தது. இலண்டனிலும் சூரிச்சிலும் வாழும் தமிழரிடம் இதைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். இது வட அமெரிக்காவில் வேர்விட்ட வழக்கம்.

அங்கும் அந்த வேர் ஆட்டம் கண்டுவிட்டது. கனடாவின் மிருக வைத்தியர் சங்கம் 2017 இல் எதிர்ப்பை அறிவித்தது. 2018 இல் நோவா ஸ்கோஷியா கனடாவின் முதல் மாகாணமாகத் தடை செய்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவும், 2024 இல் கியூபெக்கும் தடை செய்தன. அமெரிக்காவில் 2019 இல் நியூயோர்க் முதல் மாநிலமாகச் சட்டம் இயற்றியது. வெள்ளைக்காரன் வெட்கப்பட்டுக் கைவிடத் தொடங்கிய பழக்கத்தை, நாகரிகம் என்று எண்ணி நாம் வாவிக்கரைக்கு இறக்குமதி செய்கிறோம். அவன் கழித்துப்போட்ட வாகனங்களை வாங்கிப் பழகிய புத்தி, கழித்துப்போட்ட கொடுமைகளையும் வாங்கச் சொல்கிறது போலும்.

* * *

இதை ஆதரிப்போர் வழமையாகச் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "வெட்டாவிட்டால் பூனையைத் தெருவில் விட வேண்டிவரும், விரலை இழப்பதா, வீட்டை இழப்பதா?" பூனையின் மீது கருணை காட்டுவதுபோல் ஒலிக்கும் வாதம். உள்ளே இருப்பதோ மிரட்டல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தடை வந்த பின், காப்பகங்களில் ஒப்படைக்கப்படும் பூனைகளின் தொகை கூடுகிறதா என்று பல ஆண்டுப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். தடையினால் கூடியதாகத் தெரியவில்லை. மிரட்டியவர்கள் பூனையை விடவில்லை. வேறு வழி தேடிக்கொண்டார்கள்.

இரண்டாவது: "வீட்டில் குழந்தை இருக்கிறது, கீறினால் நீர்வெறுப்பு நோய் வரும்." குழந்தையின் பெயரைச் சொன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. நீர்வெறுப்பு நோய்க்கிருமி நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் இருப்பது. பெரும்பாலும் கடியினால் வருவது. விரல் வெட்டப்பட்ட பூனைக்குப் பல் இருக்கிறது. குழந்தையைக் காக்க வேண்டுமானால் பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தடுப்பூசியின் வேலையைக் கத்தி செய்யாது.

மூன்றாவது: "கருத்தடையும் வெட்டுத்தானே, அதை மட்டும் ஏன் ஆதரிக்கிறீர்?" இது மூவற்றில் கெட்டிக்காரத்தனமானது. கருத்தடை, பசியால் சாகப் பிறக்கும் குட்டிகளைப் பிறவாமல் தடுக்கிறது; பெட்டைப் பூனையை ஓயாத பேற்றிலிருந்தும் கடுவனை ஓயாத சண்டையிலிருந்தும் காக்கிறது. பயன் பூனைக்கும் உண்டு, ஊருக்கும் உண்டு. விரல் வெட்டுவதன் பயன் இருக்கைக்கு மட்டும். ஒரு வெட்டு நியாயமா என்று அறிய, அதனால் நன்மை பெறுபவர் யார் என்று கேட்டால் போதும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் மண்ணுக்கேயுரிய ஒரு காரணம் இருக்கிறது. ரொறன்ரோவின் பத்தாம் மாடியில் அடைபட்ட பூனைக்கு நகம் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் இருகரையிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், நகந்தான் பூனையின் உயிர். கதவு திறந்தே கிடக்கும் வீடுகள் நம்முடையவை. வளவுக்குள் கட்டாக்காலி நாய் நுழைகிறது. பூனை தென்னையில் ஏறுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கூரைமேல் ஏறித் தப்பிய பூனைகளைக் கண்டவர்கள் நம்மில் பலர். விரலற்ற பூனை எதில் தொற்றி ஏறும்? பாரசீகப் பூனையை உள்ளேயே வைத்திருப்பேன் என்பீர்கள். வேலைக்காரப் பிள்ளை ஒருமுறை கதவைச் சாத்த மறந்தால் போதும்.

எலியையும் மறந்துவிட வேண்டாம். வயல்வேலை செய்வோரை ஆண்டுதோறும் அச்சுறுத்தும் எலிக்காய்ச்சல் எதனால் வருகிறது என்று நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. களஞ்சியத்தைக் காக்கும் காவலனின் ஆயுதத்தைப் பறித்துவிட்டு, எலிப்பாஷாணம் வாங்கக் கடைக்கு ஓடுவது என்ன புத்தி?

* * *

இந்த இடத்தில் என்னை மடக்க ஒரு கேள்வி காத்திருக்கிறது என்பதை அறிவேன். "குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பாலத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வரும் ஊர், மாட்டுக்குக் குறி சுடும் ஊர், கனடாக்காரருக்குப் பாடம் நடத்தலாமா?"

நடத்தக் கூடாது என்றால் எவரும் எவருக்கும் எதையும் சொல்ல முடியாது. சாக்கில் கட்டி விடுவது கொடுமை. சந்தைப் பக்கம் இறக்கிவிட்டால் "எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று நம் மனச்சாட்சிக்கு நாமே சொல்லிக்கொள்வது பொய். அதையும் கண்டிக்கிறேன். ஆனால் பழைய கொடுமை இருக்கிறது என்பது புதிய கொடுமைக்கு அனுமதிச் சீட்டாகாது. மேலும், பழையது வறுமையிலும் அறியாமையிலும் பிறந்தது. கருத்தடை முகாம் ஊருக்கு வந்தால் குறையும். புதியது வசதியில் பிறந்தது. வசதி வளர வளர அதுவும் வளரும்.

சட்டம் தடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நாட்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய். அல்லது மூன்று மாதம் வரையான சிறை. அன்று அச்சட்டத்தை எழுதிய பேனாவுக்கு, இருக்கையின் உறையைக் காப்பாற்றப் பூனையின் விரலை வெட்டுவார்கள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றின் வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் தயாரித்தது. வரைவுகள் நம் நாட்டில் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு முந்தியது மரபு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள என் முஸ்லிம் நண்பர்களுக்கு, பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய நபிமொழி தெரியும். புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்த நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடும் தமிழருக்கு நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. மேலும் ஒன்று. நகத்தைப் பறிப்பது என்ற சொற்கள் இந்த மண்ணில் ஒரு காலத்தில் எந்த அறைகளில் நடந்ததைக் குறித்தன என்பதை ஐம்பதைக் கடந்தவர்கள் அறிவார்கள். மனிதரின் வேதனையையும் பூனையின் வேதனையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டறிந்த ஒரு சமூகத்துக்கு இந்தச் சொல் இவ்வளவு இலேசாக நாவில் வரக்கூடாது.

சரி, இருக்கையை என்ன செய்வது? பூனை கீறுவது குறும்பினால் அல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டி நிமிர்த்தவும், பாதத்தில் சுரக்கும் மணத்தால் இடத்தை அடையாளப்படுத்தவுமே கீறுகிறது. ஆகவே கீறுவதைத் தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். பூனை எழுந்து நின்றாலும் எட்டாத உயரமுள்ள மரக்குற்றி ஒன்றில் தும்புக்கயிற்றை இறுகச் சுற்றி, அசையாதபடி நிறுத்தி, அது கீறும் இருக்கையின் அருகிலேயே வையுங்கள். பழகிய பின் மெல்ல நகர்த்துங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை நகத்தின் கூர்நுனியை மட்டும், உள்ளே சிவந்து தெரியும் பகுதியைத் தொடாமல், வெட்டிவிடுங்கள். தும்புக்கயிறு மட்டக்களப்புக் கடைத்தெருவில் கிடைக்காத பொருளா?

இவ்வளவும் செய்த பின்னும் இருக்கையே பெரிதென்று தோன்றுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தேவை பூனையன்று. பூனை வடிவில் ஒரு பொம்மை. அது கடைகளில் கிடைக்கிறது, கீறாது, மீனும் கேட்காது. பூனை வேண்டும் என்றால் நகத்தோடுதான் வேண்டும்.