கட்டற்ற மென்பொருள்: கணவாய்க்கு அப்பாலும் இப்பாலும்

பண்பொழியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறினால் ஆரியங்காவு, அதாவது கேரளம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்து ஆட்சியின் கீழ்தான் இருந்தது. இன்று கணவாய்க்கு அப்பால் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவி, தகவல் தொழில்நுட்பத்தைத் தனிப் பாடமாகப் படித்து, லினக்ஸ் கணினியில் செய்முறைத் தேர்வும் எழுதுகிறாள். இப்பாலுள்ள மாணவிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அப்படியொரு பாடமே இல்லை.

இதனைத் தொழில்நுட்ப வேறுபாடாக மட்டும் பார்க்க இயலாது. கட்டற்ற மென்பொருளை எவரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். உரிமமில்லாத நகலை அறிந்தே பயன்படுத்துவதோ, பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவின்படி குற்றம். வணிக ஆதாயம் இல்லையெனில் நீதிமன்றம் சிறைத்தண்டனையைத் தவிர்க்கலாம்; ஆனால் அது குற்றமாகவே நீடிக்கும். விலை கொடுக்க முடியாத சேரிப் பிள்ளைக்குக் கள்ள நகலை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையை அரசே உருவாக்கலாமா?

தமிழகம் முயலாமல் இல்லை. எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர் சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். (சாதிச் சான்றிதழ் குறித்த குற்றச்சாட்டில் 2010இல் இடைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் மீண்டும் பணியமர்த்தப்பட்டவர் இவரே.) 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் வந்தது. மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் ஸ்டார் ஆபீசும் பின்னர் ஓபன் ஆபீசும் இடம்பெற்றன. ஆனால் அப்பிரிவுக்கு வெளியே கற்பிக்க ஆளில்லை. ஊரிலுள்ள கணினி மையமும் வேலை விளம்பரமும் விண்டோசையே கேட்கும்போது பிள்ளைகள் பாஸை அழித்ததில் வியப்பென்ன?

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் வேறு திசையில் சென்றது. பள்ளி ஆசிரியர்களே பயிற்றுநர்கள் ஆயினர். பாடத்துக்கு வேண்டிய செயலிகள் அனைத்தும் ஒரே நிறுவலில் சேர்க்கப்பட்டன. அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனம், இரண்டு லட்சம் கணினிகளில் ரூ.3,000 கோடி மிச்சம் என்று 2019இல் கணக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், அந்தத் தொகையைவிடப் பெரிது, பழுதானால் யாரை அழைப்பது என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தெரிந்திருந்ததுதான்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு நாம் கேட்க வேண்டியதும் அதுவே: லினக்சில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், அதில் எழுதும் ஒரு தேர்வு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதன்கீழான நிதியில் முதலில் இதனைக் கோரலாம்.