எடைக்குப் போடும் முன்...



நம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் ஜூலை மாதத்திலிருந்து காலியாக இருக்கிறது. அவன் பெயரை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் அவனுடைய சைக்கிளை நம் பள்ளி ஸ்டாண்டிலேயே பார்த்தேன். எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் அதைப் பூட்டிக்கொண்டிருந்தான். நானும் அவனும் மட்கார்டில் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போய், "ஏம்மா வித்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டே விட்டேன்.

அவன் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாசல்லயே நிக்குதுப்பா. பார்க்கும்போதெல்லாம் அவன் ஸ்கூல் விட்டு வந்துட்டான்னு நெஞ்சு அடிச்சுக்குது. ஆஸ்பத்திரிக் கடனும் இருக்கு. நான் என்ன செய்ய?" என்றார்கள்.

நான் தலைகுனிந்து நின்றேன். "நோட்டெல்லாம் இருக்காம்மா?" என்று கேட்டேன். "பழைய பேப்பர் கடைக்குப் போட்டாச்சே..." என்றார்கள். கடைக்கு ஓடினேன். லோடு போய்விட்டது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் வரைந்த படங்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன.

2009-ல் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம் எல்லாம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது நம் நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் அவை 18 லட்சம் டாலருக்குப் போயின. பெரிய மனிதர்களின் பொருள் என்றால் கேட்க நாடே இருக்கிறது. நம் நண்பனின் பொருளுக்கு நாம்தானே இருக்கிறோம்?

கணித மேதை ராமானுஜன் 1920-ல் இறந்தார். கடைசி ஓராண்டில் அவர் எழுதிய காகிதங்கள் இங்கிலாந்தில் வாட்சன் என்ற பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. 1965-ல் வாட்சனும் இறந்தார். அவர் அறையில் குவிந்து கிடந்த காகிதங்களை எரித்துவிட இருந்தார்கள். அந்தக் குவியலை ஒருவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்ததால்தான் ராமானுஜனின் கையெழுத்துப் பக்கங்கள் தப்பின. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்து உலகுக்குச் சொன்னார். யாரும் புரட்டாமல் இருந்திருந்தால்?

விற்காதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கடன் அந்த வீட்டுக்காரர்களுடையது. துக்கமும் முதலில் அவர்களுடையது. ஆனால் துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது. அதை நண்பர்களாகிய நாம் செய்யலாம். சைக்கிள், சட்டை, புத்தகம் போன்றவை தேவைப்படுகிறவர்களுக்குப் போகட்டும். உழைக்கிற பொருள் துருப்பிடித்துக் கிடப்பதைவிட ஓடுவது நல்லது. கையெழுத்து மட்டும் எடைக்குப் போகக்கூடாது. சைக்கிளை இன்னொருவன் ஓட்டலாம். அந்தக் கையெழுத்தை இன்னொருவன் எழுத முடியாது.

நான் நான்கு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஒன்றும் மிச்சமில்லாதபோது கோபப்பட்டேன். தப்பு என்னுடையதுதான்.

இப்போது அந்தத் தம்பியின் சைக்கிளில் காற்று இறங்கியிருந்தால் நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்