அக்காளுக்குப் பொம்மை, தம்பிக்குப் பூமி!

"பொம்மைதானே! இதிலுமா உங்கள் பகுத்தறிவு?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. எழுத்தறியா இளம் வயதிலேயே பெண்ணின் கையில் தரப்படும் முதற்பாடம், தோழர்களே, அந்தப் பொம்மை!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே ஹோப்பி என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். காட்டன்வுட் மரத்தின் வேரைச் செதுக்கி, வண்ணந்தீட்டி, 'கச்சினா' பொம்மைகள் செய்கின்றனர். மழை தரும் ஆவிகளாம் கச்சினாக்கள்! அவற்றின் வேடம் பூண்டு ஆடுவோர், பொம்மைகளைச் சிறுமியருக்கு வழங்குவர். சிறுமி அதைக் கும்பிடுவதில்லை. சுவரிலே மாட்டி, எந்த உருவம் எதைக் குறிக்கும் எனக் கற்கிறாள். ஆவி மழை தரும் என்பதை நம் அறிவு ஏற்காது. ஆனால், அம்மக்களின் மரபிலே குலம் தாய்வழி, வீடு பெண்ணுடையது! மனைவி வீடு சென்று வாழ்பவன் கணவன்! பொம்மை பெறும் சிறுமி, வீட்டுக்கும் உரியவளாக வளர்கிறாள்.

நம் நாட்டிலே? செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி, ஆணும் பெண்ணுமாக ஓர் இணை. கொலுப்படியிலே அதற்குத் தனியிடம். பட்டுடுத்தி, நகை பூட்டி, மணமக்களாக்கி அமர்த்துகிறார்கள். "நாளை நீயும் இப்படித்தான்" என்பதே பாடம்! மணமுடித்து அனுப்புகையில் மரப்பாச்சியையும் சீரோடு சேர்த்தனுப்பும் வழக்கம் உண்டு. பொம்மை அவளுடன் போயிற்று. பூமியோ தம்பியிடம் நின்றது! கொலு வைக்காத வீடுகளிலும் நடப்பு இதுவே.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அது சட்டமாக 60 ஆண்டுகள்! 1989இல் கலைஞர் ஆட்சி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலே மகளுக்கும் சமபங்கு தந்தது. முன்னரே மணமானோருக்கு அதில் இடமில்லை. அக்குறையை 2005இன் மத்தியச் சட்டம் நீக்கிற்று. சட்டம் வந்தது, வழக்கம் போயிற்றா? "பங்கு கேட்டால் பிறந்தகம் அறுந்துபோகும்" என மிரட்டி, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வீடுகள் இன்றும் இல்லையா? பத்திரத்தின் பெயர் விடுதலை, பறிபோவது உரிமை!

பாம்பன் தீவிலே நாம் வாழும் ஊர் அக்காள்மடம், அருகிலே தங்கச்சிமடம். ஊர்ப்பெயரிலே அக்காள் உண்டு, தங்கை உண்டு. வீட்டுப் பத்திரத்திலே உண்டா?

மரப்பாச்சியை உடைக்கச் சொல்லவில்லை நாம். அதைச் செதுக்கியது உழைப்பாளியின் கை. பாடத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம். சிறுமியின் ஒரு கையில் பொம்மை இருக்கட்டும். மறுகையில் புத்தகம் கொடுங்கள். வளர்ந்தபின் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்! இளைஞனே, உன் அக்காளிடம் கையொப்பம் கேட்டுப் பத்திரம் நீட்டப்படும் நாளிலே, அதைத் தடுக்கும் முதற்கை உன்னுடையதாகட்டும்!