மழைக்கும் நாங்கள்தான் பொறுப்பா?

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. டித்வா புயல் நாட்டுக்குள்ள வந்த நாள். ரயில் ஓடேல்ல. அரச அலுவலகங்களுக்கு விடுமுறை அறிவிச்சாச்சு. வன்னியில ஒரு ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்யிற என்ர சிநேகிதியின்ர வாசல்ல முழங்காலளவு வெள்ளம். கொம்பனி பஸ்ஸும் ஏத்த வரேல்ல. அவள் போகேல்ல. மாத முடிவில சம்பளச் சீட்டைப் பார்த்தால் அந்த நாள் சம்பளமும் இல்லை, அந்த மாதத்துக்கான வரவுக் கொடுப்பனவு முழுசும் இல்லை. கேட்டதுக்குக் கிடைச்ச பதில்: "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் பிள்ளை."

வரவுக் கொடுப்பனவை நிர்வாகங்கள் பரிசு என்று சொல்கின்றன. அடிப்படைச் சம்பளம் சீவியத்துக்குப் போதாத இடத்தில் அது பரிசு இல்லை. போர்டிங் காசும் வீட்டுக்கு அனுப்புற காசும் அதை நம்பித்தான் இருக்கு. ஒருநாள் நின்றால் அது போய்விடும் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணிக்குள்ளால நடந்தாவது போவீர்கள். 600க்கும் மேற்பட்டோரைப் பலியெடுத்த அந்தப் பேரிடரிலும் இந்த விதி சொன்னது ஒன்றுதான்: உயிரைப் பணயம் வைத்தவருக்குக் காசு, புத்தியாய் வீட்டில் நின்றவருக்குத் தண்டனை.

மலையகத்துக்கு இந்தக் கணக்கு பழகினது. 2013 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 140. 2019இல் அது நீக்கப்பட்டது. 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் திரும்பவும் வந்தது: நாட்சம்பளம் 1550, அதோடு அரசாங்கம் கொடுக்கும் வரவு ஊக்குவிப்பு 200. மூன்று கிழமையில் மலை சரிந்தது. லயத்துக்குப் பின்னால் மண் இறங்குகிற நாளில் கொழுந்து எடுக்கப் போக ஏலாது. போகாவிட்டால் 200 மட்டுமில்லை, 1550உம் இல்லை.

"இதை விட்டால் எல்லாரும் மழையைச் சாட்டிக்கொண்டு வீட்டில நிண்டிடுவினம்" என்பார்கள். சாட்டா உண்மையா என்று பார்க்கிறது கஷ்டமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம். வெள்ளத்துக்கு கிராம அலுவலரிட்ட ஒரு கடிதம் எடுக்கலாம். ஓடாத பஸ்ஸுக்கு அத்தாட்சி வேண்டுமென்றால், அந்த பஸ்ஸை அனுப்பாத கொம்பனியே சாட்சி.

சின்னக் கடைக்காரருக்கும் வெள்ளம் நட்டம்தான், அதை மறுக்கேல்ல. ஆனால் அவரிட்ட வேலை செய்யிறவருக்கு அதைத் தாங்குற பலம் இன்னும் குறைவு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 7 நாள் அமயவிடுமுறை இருக்கு. அது சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும். பாலத்துக்கு மேலால் ஆறு பாய்கிறது என்ர சொந்த அலுவலா?

கேட்கிறது பெரிய விசயமில்லை. அபாய எச்சரிக்கை உள்ள நாளை வரவுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தைக் கொடுங்கள், லீவில் கழிக்காதீர்கள். நிர்வாகத்தின் நல்ல மனசை நம்பியிருக்காமல் அதைச் சட்டத்தில் எழுதுங்கள். உடனடி ஆபத்திலிருந்து விலகிய தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்பாடு 1981இலேயே சொல்லிவிட்டது.

வடகீழ்ப் பருவமழை ஒவ்வொரு ஐப்பசியும் வரும். அதுக்கு முதல் உங்கட நியமனக் கடிதத்தை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ. வெள்ளம் வந்தால் என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லையென்றால், நாலு பேராய்ச் சேர்ந்து இப்பவே போய்க் கேளுங்கோ. தண்ணி ஏறினாப்பிறகு கேட்டால், உங்கட பேருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டு முடிஞ்சிருக்கும்.