பிள்ளைக்குப் பிறிண்டர் வாங்கும் கணக்கு



சென்ற மாதம் ஈச்சிலம்பற்றில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய் மடிக்கும் நேரத்தில் ஒரு தங்கச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். கணவர் இல்லாதவர். இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். மூத்த மகள் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் இரண்டாம் வருடம்.

"அக்கா, பிள்ளை பிறிண்டர் கேக்கிறாள். வாரக் கடன் குடுக்கிற ஆக்கள் வீட்டுக்கே வந்து தாறம் எண்டு சொல்றாங்க. எடுக்கட்டா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு 2019 இல் நானே பிழையான முடிவெடுத்து, அதற்காக ஒரு மோதிரத்தையும் இழந்தவள். அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். கம்பசுக்கு, கல்வியியற் கல்லூரிக்கு, தொழினுட்பக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வேறு தாய்மாரும் இதை வாசிப்பீர்கள்தானே.

என் மகள் வளாகத்துக்குத் தெரிவானபோது எங்களுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒப்படைகளைக் கணனியில் அடித்து அச்சிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். நான் மோதிரத்தை ஈடு வைத்து நகரத்துக் கடையொன்றில் பிறிண்டர் வாங்கினேன். இருந்ததில் மலிவான பெட்டி அதுதான். கடைக்காரத் தம்பி அதில் ஸ்கான் பண்ணலாம், கலரும் அடிக்கலாம், போட்டோக்கொப்பியும் எடுக்கலாம் என்று சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. மை எத்தனை பக்கத்துக்கு வரும் என்று நான்தான் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் மை முடிந்தது. புதிய பிறிண்டரோடு பெட்டிக்குள் வரும் மைக்கூடு பல மாதிரிகளில் கடையில் தனியாக விற்பதைவிடக் குறைந்த மையுள்ளது. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு காட்றிஜ் வாங்கப் போனால், இரண்டின் விலையும் சேர்ந்து மெசினின் விலையில் பாதிக்கு மேல். ஒருமுறை வாங்கினோம். அதற்குள் 2020 பங்குனியில் கொரோனாவால் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். பிள்ளை பிறிண்டரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்கில் அது அலுமாரிக்கு மேலே இருந்தது. திரும்பவும் எடுத்துப் பார்த்தபோது மை காய்ந்து, வெள்ளைத் தாள்தான் வெளியே வந்தது. ஈட்டுக்கு வட்டி கட்ட முடியாமல் மோதிரமும் போய்விட்டது. என் அம்மா போட்டிருந்த மோதிரம் அது.

அதற்குப் பிறகுதான் நானும் மகளும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன். விலைகள் கணக்குக்காகப் போட்டவை. நீங்கள் உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

சிறிய காட்றிஜ் போடும் பிறிண்டரை முதலில் எடுப்போம். எச்பி 680 என்ற காட்றிஜ் எங்கள் கடைகளில் பலரும் கண்டதுதான். அதன் கறுப்புக் கூடு ஏறத்தாழ 480 பக்கம், கலர்க் கூடு 150 பக்கம் என்று கம்பனியே சொல்கிறது. கறுப்பு 4800 ரூபா என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு மை மட்டும் 10 ரூபா. 500 தாளுள்ள ஏ4 கட்டு 1500 ரூபா என்றால் ஒரு தாள் 3 ரூபா. ஆக வீட்டில் ஒரு பக்கம் 13 ரூபா. கொமியூனிக்கேசன் கடையில் ஒரு பக்கம் 10 ரூபா என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 ரூபா நட்டப்பட்டுக்கொண்டுதான் நாங்கள் பிறிண்டர் வைத்திருக்கிறோம். மெசினுக்குக் கொடுத்த காசு வேறு. மெசினை மலிவாகக் கொடுத்து மையில் காசு எடுப்பது கம்பனிகளின் பழைய வியாபார முறை. விளக்கை மலிவாக வாங்கி எண்ணெய்க்கு அழுதுகொண்டிருக்கிற மாதிரித்தான்.

அடுத்தது மைத்தாங்கிப் பிறிண்டர். கூடு இல்லை, போத்தலிலிருந்து மையை ஊற்றுவது. எப்சன் கம்பனி இதை 2010 இல் முதலில் இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கியது. எங்களைப் போன்ற நாடுகளில் ஆட்கள் சாதாரணப் பிறிண்டருக்குப் பக்கத்தில் போத்தல் கட்டிக் குழாய் செருகி மை விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் கம்பனியே தாங்கி வைத்துச் செய்தது. இப்போது கனன், எச்பி, பிறதர் எல்லாரும் செய்கிறார்கள். எப்சன் 003 என்ற கறுப்புப் போத்தல் ஒன்று 4500 பக்கம் வரும். கனன் ஜி வகைக்குரிய 790 கறுப்புப் போத்தல் 6000 பக்கம் வரும். போத்தல் 2700 ரூபா, 4500 பக்கம் என்றால் ஒரு பக்கத்துக்கு மை 60 சதம். தாளோடு 3 ரூபா 60 சதம். கடையை விட 6 ரூபா 40 சதம் மிச்சம்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் மெசின் விலை? 60,000 ரூபா என்று போடுங்கள். அந்தக் காசு மிச்சத்தில் திரும்பி வர 9375 பக்கம் அச்சிட வேண்டும். என் மகள் ஒரு அரையாண்டில் அச்சிட்ட ஒப்படைகளை எண்ணினோம். 140 பக்கம்தான். வருடத்துக்கு 280, நாலு வருடத்துக்கு 1120. தனி ஒரு பிள்ளைக்கு இந்த மெசின் கட்டுப்படியாகாது. நான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், அதே விடைதான். விரிவுரைக் குறிப்புகளையும் அச்சிட்டுப் படிக்கிற பிள்ளையென்றால் அரையாண்டுக்கு 400 பக்கம் வரும். அப்போதும் நாலு வருடத்தில் 3200 பக்கம்தான்.

மூன்றாவது லேசர் பிறிண்டர். இதில் மை இல்லை, தூள். ரோனர் என்பது அதைத்தான். இதன் பிறப்பிலே ஒரு கதை உண்டு. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் சிறு வயதிலேயே வருத்தக்காரத் தாய் தகப்பனை உழைத்துப் பார்த்தவர். பிறகு ஒரு கம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு பத்திரத்துக்கும் பிரதி தேவைப்பட்டுக் கஷ்டப்பட்டவர். 1938 ஒக்டோபர் 22 இல் நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் ஒரு சின்ன அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் உரசி மின்னேற்றி, தூளைத் தூவி, அன்றைய திகதியையும் ஊர்ப் பெயரையும் தாளில் எடுத்தார். அதை ஒரு கம்பனி போட்டோக்கொப்பி மெசினாகச் செய்து முடிக்க 1959 ஆயிற்று. லேசர் பிறிண்டரும் அதே வழியில்தான் ஓடுகிறது. மின்னேற்றம் தூளை இழுக்கும், சூடு அதைத் தாளில் உருக்கி ஒட்டும்.

தூள் காயாது. மூன்று மாதம் மூடிக் கிடந்தாலும் அடுத்த நாள் அடிக்கலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். எச்பி 1020 போன்றவற்றுக்குரிய 12ஏ ரோனர் 2000 பக்கம், கனன் 6030 க்குரிய 325 ரோனர் 1600 பக்கம். நகரக் கடைகளில் தூளை மீண்டும் நிரப்பியும் தருகிறார்கள். கந்தோர்கள் கழித்த பழைய கறுப்பு லேசர் 20,000 ரூபாவுக்குக் கிடைத்து, தாளும் தூளும் சேர்த்துப் பக்கத்துக்கு 4 ரூபா முடிந்தால், 3333 பக்கத்தில் காசு திரும்பும். குறிப்புகளையும் அச்சிடுகிற பிள்ளைக்கு இது ஓரளவு ஒத்துவரும்.

ஆனால் இரண்டு விடயம் பாருங்கள். தூளை உருக்கும் சூட்டுக்கு லேசர் பல நூறு வற்று மின்சாரம் இழுக்கும். சூரியகலத்தில் லைற் எரிக்கும் வீட்டில், சின்ன இன்வேர்ட்டரில் இது ஓடாது. மைப் பிறிண்டருக்கு ஒரு சின்ன பல்ப் அளவு மின்சாரம் போதும். மற்றது, பழைய மாதிரிகள் சில புதிய கணனிகளோடு சேராது, கைபேசியிலிருந்து அடிக்கவும் இயலாது. பிள்ளையின் கணனியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி, நாலு பக்கம் அடித்துப் பார்த்த பின்தான் காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். மடிக்கணனி இல்லாமல் கைபேசியிலேயே படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வைபை உள்ள மாதிரி வேண்டும். எப்சனில் எல் 3210 க்கு வைபை இல்லை, எல் 3250 க்கு உண்டு. பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பக்க எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். கம்பனி சொல்லும் 480, 4500 எல்லாம் மாதிரிப் பக்கங்களை அடித்து எடுத்தவை. எழுத்துப் பக்கமொன்றில் நூற்றுக்கு ஐந்து பங்களவே கறுப்பு விழும் என்ற கணக்கு. படமும் வரைபடமும் நிறைந்த பக்கம் என்றால் எண்ணிக்கை சரசரவென்று இறங்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இனி நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மூன்று வருடம் ஒன்றும் வாங்கவில்லை. மகள் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். 2022 பங்குனியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். அப்போது பிறிண்டர் வைத்திருந்தவர்களும் கடையில்தான் வரிசையில் நின்றார்கள்.

இறுதி வருடம் வந்தபோதுதான் கதை மாறியது. ஆய்வேட்டைத் திருத்தித் திருத்தி அடிக்க வேண்டும். விரிவுரையாளர் பின்னேரம் திருத்தம் சொன்னால் மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். போர்டிங்கிலிருந்து கடைக்குப் போய்வர இரவு எட்டு மணியாகும். அந்தப் பாதையில் பொம்பிளைப் பிள்ளைகள் நடந்து வருவதை நினைத்து நான் இங்கே நித்திரை கொள்ளவில்லை. பக்கக் கணக்கில் இது வராது, ஆனால் தாய்மாரின் கணக்கில் வரும். அந்த அறையில் மூதூர், கிண்ணியா, வாழைச்சேனைப் பிள்ளைகளோடு என் மகளும் சேர்ந்து நாலு பேர். நாலு தாய்மாரும் கைபேசியில் பேசினோம். நாலாகப் பிரித்துக் காசு போட்டு 2023 இல் வைபை உள்ள ஒரு மைத்தாங்கிப் பிறிண்டர் வாங்கினோம். என் பங்குக்குச் சீட்டுக் காசு. கடன் இல்லை.

பிள்ளைகள் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் ஒரு பால்மா ரின்னும் வைத்தார்கள். அடித்த பக்கத்தை எழுதி, பக்கத்துக்கு 5 ரூபா ரின்னில் போட வேண்டும். பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் அதே விலை. மையும் தாளும் அந்த ரின்னிலிருந்துதான். இரண்டு தரம் சண்டையும் வந்தது, கலர்ப் படம் அடித்துவிட்டுக் கறுப்புக் கணக்கில் எழுதியதற்கு. அதன் பிறகு கலருக்குத் தனி விலை.

எங்கள் பக்கத்துக்குச் சில பராமரிப்புக் குறிப்பும் வேண்டும். மைப் பிறிண்டரைச் சுவரிலுள்ள சுவிச்சில் நிறுத்தாமல் மெசினிலுள்ள பொத்தானால் நிறுத்தினால் அச்சுத்தலை போய்த் தன் மூடியில் உட்காரும், காயாது. கிழமைக்கு ஒரு பக்கமாவது கலரோடு அடிக்க வேண்டும். அடைத்துவிட்டதென்று சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மைதான் வீணாகும். மார்கழி மழையில் தாள் ஈரம் இழுத்துச் சிக்கும். கட்டைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி வையுங்கள். பொலித்தீனில் கடதாசி கட்டிக் காப்பது எங்களுக்குப் புதிதா? 2006 இல் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் ஓடியபோது, பிறப்புப் பத்திரத்தையும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனவர்கள்தானே நாங்கள். அது தொலைந்தவர்கள் திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு கந்தோராக அலைந்ததும் தெரியும்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். வாரக் கடன் வேண்டாம். 60,000 எடுத்து 52 வாரம் 1500 படி கட்டினால் 78,000. பிறிண்டர் உழைத்துத் தராது, இடியப்பம்தான் கட்ட வேண்டும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனதை மறக்கக் கூடாது. முதலில் பிள்ளையிடம் ஒரு அரையாண்டுப் பக்கத்தை எண்ணி எழுதச் சொல்லுங்கள். மகாபொல கிடைக்கிற பிள்ளையென்றால் அதில் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கச் சொல்லுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக்குவதாக அறிவித்தார்கள். அறையில் உள்ள மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு பேசுங்கள். மூன்றாம் வருடம் முடியும்வரை கடையே போதும்.

"அப்ப பிள்ளைக்கு இல்லை எண்டு சொல்லவா?" என்று கேட்டார், முகம் வாடி.

இல்லை என்று சொல்ல வேண்டாம், கணக்குக் கொப்பியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள் என்றேன். மூன்று கிழமை கழித்துப் பிள்ளை விடுமுறையில் வந்தபோது கொப்பியோடு என்னிடம் வந்தாள். 118 பக்கம். அதில் 30 பக்கம் பிழை பார்க்காமல் அடித்துத் திரும்ப அடித்தவை என்று தானே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தாள். கூட இருக்கும் இரண்டு பிள்ளைகளும் பங்குக்குச் சம்மதமாம். அவர்கள் எந்த மாதிரி என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது பில்லில் மெசினின் தொடரிலக்கத்தை எழுதுவித்து, வொறண்டி அட்டையில் கடை முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். பங்குக்கு வாங்குவதானால், படிப்பு முடிய மெசின் யாருக்கு, அவர் மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். எங்கள் நாலு பேரும் அதைச் செய்யவில்லை. மெசின் இப்போது வாழைச்சேனையில் இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.